கறுத்த வைனின் மணம்

"அக்கா, என்ர மூக்கு செத்துப்போச்சு."

குகதாசன் வாசலில் நின்றபடியே சொன்னான். திலகவதி உள்ளே வரச்சொல்லிக் கைகாட்டினாள்.

இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் வைன் படிக்க ஆசைப்பட்ட தமிழருக்கெல்லாம் அவள்தான் குரு. குகதாசனுக்கு நாலு வயது இளையவள். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

அவள் ஒருநாளும் கிளாஸை மூக்கருகே கொண்டுபோக மாட்டாள். நேரே ஒரு மிடறு குடிப்பாள். பிறகு எதிரில் இருப்பவனிடம், "மணம் என்ன?" என்பாள். அவன் சொல்வதைக் கண்மூடிக் கேட்பாள். சரி என்றும் சொல்லமாட்டாள், பிழை என்றும் சொல்லமாட்டாள்.

அந்தத் தோரணையில் சீடர்கள் சொக்கிப்போனார்கள். வேலை செய்யும் உணவகங்களில் தாங்களும் முகராமலே குடித்துக் காட்டினார்கள். பிறகு குசினிக்குள் ஒளிந்து நின்று முகர்ந்து பார்த்தார்கள். குகதாசனும் அந்தக் கூத்தை ஆடியவன்தான்.

அவள் வீடு மீன் சந்தைக்கு நேர் மேலே இருந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கும். அவளோ ஜன்னலைச் சாத்தவே மாட்டாள். அதுவும் ஒரு தவம் என்று சீடர்கள் பேசிக்கொண்டார்கள்.

இன்றைக்கு அந்த நாற்றமும் குகதாசனுக்கு இல்லை.

"எப்ப போனது?"

"போன மாதக் காய்ச்சலோட. கோப்பி மணக்கேல்லை. கருவாடு மணக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை முதலாளி புது நீரோ தாவோலா வைன் திறக்கிறார். என்ன சாப்பாட்டோட குடுக்கிறதெண்டு நான்தான் சொல்லவேணும். சொல்லாட்டி, திரும்பவும் கோப்பை கழுவத்தான் விடுவார்."

அந்தச் சுடுதண்ணீர்த் தொட்டியில் கை வெந்து கிடந்தவன் அவன். மூக்குத்தான் அவனை அங்கிருந்து தூக்கிவிட்டது. அதை நினைத்ததும் அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதான்.

அவள் ஆறுதல் சொல்லவில்லை. அதே நீரோ தாவோலா போத்தல் ஒன்றைத் திறந்து இருவருக்கும் ஊற்றினாள். சிசிலி வெயிலில் பழுத்த கொடிமுந்திரியின் வைன். மைபோலக் கறுத்திருந்தது.

"மணம் என்ன?"

"அதுதானே சொல்லுறன், ஒண்டும் தெரியேல்லையெண்டு!"

"குடியும்."

குடித்தான். பாக்குச் சப்பியதுபோல் நாக்கு வறண்டு, பல்முரசு இறுகியது.

"துவர்க்குது. வாயைப் பிடிச்சு வைச்சிருக்கு. வேற ஒண்டுமில்லை."

அவள் மிளகாய் போட்டுப் பொரித்த கணவாய் மீனை முன்னால் வைத்தாள். தின்றுவிட்டு மறுபடி குடித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயோ, நெருப்பு!"

தட்டை எடுத்துவிட்டாள். அடுத்து, கொழுப்போடு சுட்டு உப்புத் தூவிய ஆட்டிறைச்சி வந்தது. தின்றான். குடித்தான்.

நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தான்.

"விட்டிட்டுது," என்றான். "பிடி விட்டிட்டுது. வழுக்கிக்கொண்டு போகுது."

"அப்ப முதலாளிக்கு என்ன சொல்லுவீர்?"

"கொழுப்புள்ள ஆட்டிறைச்சி. உறைப்புக் கூடாது."

சொன்ன பிறகுதான் பதில் கிடைத்துவிட்டதே என்று அவனுக்கு உறைத்தது. மூக்கு இல்லாமலே கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் நெஞ்சு இன்னும் கனத்தது.

"இதுவோ வைன்? பிடிக்குது, விடுது. அவ்வளவுதானோ? அந்தக் கறுத்த பழம் எங்க? மழை விட்ட மண் எங்க? வேலை மிஞ்சும் அக்கா. வைன் போச்சு."

"ஓம்," என்றாள் அவள். "போச்சு."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்களுக்கென்ன தெரியும் என்ர கஷ்டம்? நீங்கள் முகராமலே எல்லாம்..."

பாதியில் நின்றான்.

திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தான். கீழே மீன்காரன் கத்திக்கொண்டிருந்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அக்கா, உங்களுக்கு எப்ப போனது?"

"நீர் என்னட்டப் படிக்க வாறதுக்கு முதலே."

"அப்ப, மணம் என்ன, மணம் என்னவெண்டு எங்களிட்டக் கேட்டதெல்லாம்?"

"தெரியாமத்தான் கேட்டனான்."

அவன் தட்டை ஒருபக்கம் தள்ளினான்.

"மற்ற ஆக்கள் புத்தகத்தில இருக்கிறதைச் சொல்லுவினம்," என்றாள். "நீர் ஒரு ஆள்தான் மூக்கில பட்டதைச் சொன்னனீர். அதைக் கேட்டுத்தான் எனக்கு வைன் மணந்தது."

கிளாஸை எடுத்தாள். அவன் பார்த்திராத விதமாக அதை மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடி வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு மெல்ல மேசையில் வைத்தாள்.

"இண்டையோட எனக்கு முழுசாப் போச்சு."