மச்சினன் பிடித்த கயிறு

அந்தக் காலத்தில் விண்மீன்களுக்கு வாய் இருந்தது, கடலுக்குக் காது இருந்தது. தெற்கு வானம் ஓட்டுக்கூரையின் இறவாரம் மாதிரி கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும். அங்கே குடியிருந்த விண்மீன்கள் காலை ஊன்றித்தான் நிற்க வேண்டும். வழுக்கினால் கடலில் விழுந்து அணைந்துபோக வேண்டியதுதான்.

அந்தச் சரிவில் செம்பான் என்று ஒரு விண்மீன் இருந்தான். ஆள் சின்னவன், செம்மஞ்சள் நிறம், கோபம் மட்டும் பெரிது. அவனுடைய அக்கா பவளாயியைக் கட்டியவன் மஞ்சளான். உருவத்திலும் வெளிச்சத்திலும் செம்பானைவிடப் பெரியவன். கல்யாணப் பந்தியில் தன்னை முதல் இலைக்குக் கூப்பிடவில்லை என்று முறுக்கிக்கொண்டு போன செம்பான், அதன்பிறகு மச்சான் இருந்த பக்கமே திரும்பவில்லை. பசிக்காகக் கோபித்தவன் சாப்பிட்டால் சரியாகிவிடுவான். மரியாதைக்காகக் கோபித்தவனை என்ன செய்வது?

ஒரு மாலை மஞ்சளானுக்குக் கால் வழுக்கியது. பவளாயி அக்கம்பக்கத்து விண்மீன்களிடம் ஓடி ஓடிக் கேட்டாள். எல்லோரும் இரக்கப்பட்டார்கள். கை கொடுத்தால் தாங்களும் சரிந்துவிடுவோமே என்ற பயத்தில் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் தம்பியிடம் வந்தாள்.

"ஒம் மச்சான் சரிஞ்சிட்டு இருக்காவ. நீ புடிக்கலேன்னா வேற யாருடே புடிப்பா?"

அக்காவின் முகத்தைச் செம்பானால் பார்க்க முடியவில்லை. "கயித்தப் புடிக்கேன். ஆனா பேச மாட்டேன்" என்றான்.

கயிற்றின் ஒரு முனையை வீசினான். மஞ்சளான் அதை இடுப்பில் கட்டிக்கொண்டான். மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு செம்பான் இழுத்தான். எலி யானையை இழுத்த கதைதான். அவன் ஊன்றிய காலும் நழுவத் தொடங்கியது. ஒன்றுக்கு இரண்டாக வருகிறது என்று கீழே கடல் வாயைப் பிளந்துகொண்டு குதித்தது.

"மாப்ள, கயித்த அவுத்து விட்டுரு. நீயாவது பொழச்சுக்கோ" என்றான் மஞ்சளான்.

அந்த வார்த்தையில் செம்பானின் கோபம் கரைந்துபோயிற்று. விட மனமில்லை, இழுக்கப் பலமில்லை. சின்ன வயதில் அக்காவோடு கைகோத்துத் தட்டாமாலை சுற்றியது நினைவுக்கு வந்தது. சுற்றுகிறவரை இரண்டு பேரும் விழமாட்டார்கள். ஆனால் சுற்ற வேண்டுமென்றால் ஊன்றிய காலை எடுக்க வேண்டும். எடுத்தால் பிறந்தது முதல் நின்ற இடமும் போய்விடும், தனி விண்மீன் என்ற பேரும் போய்விடும். அவனுக்கு அழுகை வந்தது. இருந்தாலும் காலை எடுத்தான்.

"நிக்காதிய மச்சான், பக்கவாட்டுல ஓடுங்க. நான் எதிர்ப்பக்கம் ஓடுதேன்."

இருவரும் ஓடினார்கள். கயிறு விறைத்தது. ஒருவன் விழப்போனால் மற்றவன் இழுத்தான். சுற்றிச் சுற்றி மேலேறியவர்களைப் பார்த்துக் கடல் வாயை மூடிக்கொண்டது. ஓடின ஓட்டத்தில் இருவரும் நம் பூமிப் பக்கமாக வெகுதூரம் வந்துவிட்டார்கள். பவளாயியும் பின்னாலேயே வந்து சற்றுத் தள்ளி நின்றுகொண்டாள். மங்கலானவள் என்பதால் அவள் நம் கண்ணுக்குத் தெரியமாட்டாள்.

இன்றும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பந்திப் பேச்சை எடுத்தால் விலகிப் போவார்கள், சிரிப்பு வந்தால் நெருங்கி வருவார்கள். ஒருமுறை விலகி நெருங்குவதற்குள் நமக்கு ஓர் ஆயுள் முடிந்துவிடும்.

அன்று முதல்தான் அந்த இருவரும் தெற்குக் கடலுக்கு மேலே ஒரே விண்மீனாக, தனித்தனியே நின்ற காலத்தைவிடப் பிரகாசமாகத் தெரிகிறார்கள். அன்று முதல்தான் முத்துக்குளிக்கிறவர்களும், கூடப்பிறந்தவன் படகிலேயே இருந்தாலும், இடுப்புக் கயிற்றை மச்சினன் கையில் கொடுத்துவிட்டுக் கடலில் குதிக்கிறார்கள்.