சுனையில் வைத்த கிளிப்

மாசிலாமணி கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்தவர். மகள் இசைவாணி ஆறு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பிறகு வகுப்பில் அவருக்கு வாய் எழவில்லை. வேலையை விட்டார். மலையேறி, சுனைக்கரையில் குடிசை போட்டிருந்த சுனையம்மாவிடம் வந்து சேர்ந்தார். சுனையம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் அந்த அம்மாவைத்தான் குருவாக ஏற்றார்.

வந்த அன்றே கேட்டார்.

"என் பொண்ணு ஞாபகம் அழியாம இருக்க வழி இருக்காம்மா?"

அம்மா குடத்தைக் கொடுத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

சுனையைப் பார்த்ததும் மாசிலாமணி நின்றுவிட்டார். சுண்ணாம்பு கரைந்த தண்ணீர். அது வழிகிற பாறையெல்லாம் வழுவழுவென்று பாசி. பாசிக்கு அடியில் புதுக் கல். விழுந்த இலையும் சுள்ளியும்கூடக் கல்லாகிக் கிடந்தன.

மடியிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்தார். மஞ்சள் வண்ணத்துப்பூச்சி வைத்தது. இசைவாணி கடைசியாகத் தலையில் குத்தியிருந்தது. தண்ணீர் வழியும் இடத்தில், பாசியின்மேல் அதை வைத்தார். கல்லாகிவிட்டால் அழியாதே.

தினமும் போய்ப் பார்ப்பார். முதலில் பச்சை படர்ந்தது. பிறகு வெள்ளையாகப் பொருக்குக் கட்டியது. மழைக்காலம் வந்து போனது, மறுபடியும் வந்து போனது. ஒரு காலையில் கையில் எடுத்தபோது அது வெறும் கல். மஞ்சளும் இல்லை, பூச்சியும் இல்லை.

ஓடிவந்து அம்மாவின் முன் உட்கார்ந்தார்.

"உள்ளதான் இருக்கும்மா. ஆனா பாக்க முடியல. உடைச்சா கிளிப்பும் சேந்து உடைஞ்சிரும். நான் என்ன செய்யட்டும்?"

அம்மா கல்லை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்படி வளந்துச்சு?"

"கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருங்கம்மா. பாசியா தெரியறதுல கூட்டங்கூட்டமா இருக்கும். வெயில் பட்டா, தண்ணியில இருக்கற கரியமில வாயுவை இழுத்துக்கும். அப்ப கரைஞ்சிருந்த சுண்ணாம்பு அதுங்க மேலயே படிஞ்சிரும்."

"மேலயே படிஞ்சா?"

"வெளிச்சத்தைத் தேடி ஊர்ந்து வெளிய வரும். திரும்பப் படியும். திரும்ப வரும். அப்படியே கல்லு ஏறிக்கிட்டே போகும்."

"வராதது?"

பாடம் நடத்துவதுபோல வந்துகொண்டிருந்த குரல் தடுமாறியது.

"உள்ளயே செத்துப்போயிரும். கல்லோட கல்லா."



"இந்தக் கிளிப்பை வேற யாராவது தேடுவாங்களா?" என்றார் அம்மா.

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ அம்மா தேடுவா. கோமதி இதைத் தலைமாட்டுலயே வெச்சிருந்தா. அவ அசந்து தூங்கினப்ப எடுத்துக்கிட்டு வந்துட்டேன். கிளம்பறேன்னுகூட சொல்லல."

அம்மா கல்லை அவரிடமே நீட்டினார்.

"அப்ப உடைக்கறதா வேண்டாமான்னு என்னை ஏன் கேக்கறீங்க? அவங்களைப் போய்க் கேளுங்க."