மின்னல் மாடனும் கலவையான வரவேற்பும்

கூழையூர்த் தவசிமுத்து மேஸ்திரிக்குக் கீழே இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். பூச்சு வேலைக்குப் பூவலிங்கம், சாந்து குழைக்கச் சுடலைக்கண்ணு. மூன்று பேருடைய மூளையையும் வழித்தெடுத்தால் ஒரு செங்கல்லுக்குப் பூசக் காணாது. ஆனால் யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். ஆபத்தே அதில்தான் இருந்தது.

ஜவுளிக்கடை ஆவுடையப்பன் தன் புது வீட்டை இவர்களிடம்தான் கொடுத்திருந்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. சுவர் பூசி முடிப்பதற்குள் ஹாலில் பெரிய டிவியை மாட்டிவிட்டார். அதற்கு இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் வெறும் செங்கல்.

"ஞாயித்துக்கிழமை செண்பகத்தைப் பொண்ணு பாக்க வாராவ. அதுக்குள்ள இந்தச் சுவரைப் பூசிரும் வே. ஏற்கெனவே ரெண்டு மூணு இடம் தட்டிப்போச்சு. இதுவும் போச்சுன்னா எம்மவ மொகத்துல நான் முழிக்க முடியாது" என்றார் ஆவுடையப்பன்.

"அண்ணாச்சி கவலைய விடுங்க" என்றார் மேஸ்திரி. அவர் அப்படிச் சொன்ன வீடுகளில் யாரும் கவலையை விட்டதில்லை.

அந்த வாரம் பார்த்துத்தான் 'மின்னல் மாடன்' டிவியில் தொடராக வந்து தொலைந்தது. மேஸ்திரியின் செல்போனில் மூன்று பேரும் சாப்பாட்டு நேரத்தில் ஆடுகிற கேம் அது. மாடன் ஓடுவான். விரலால் தட்டினால் சுவரைத் தாவுவான். தட்டாவிட்டால் மோதிச் சாவான். கதை அவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு தொடர் எடுத்தவனை என்ன சொல்ல. கூழையூருக்கு வெளியேயும் நம் ஆட்களுக்குச் சொந்தபந்தம் உண்டு போலிருக்கிறது.

முதல் நாள் மாடன் ஒரு சுவர் முன்னால் வந்து நின்று யோசித்தான். மேஸ்திரி பதறிப்போய் ரிமோட்டை எடுத்துத் தட்டினார். மாடனைக் காணோம். ஒரு அம்மாள் வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓங்கித் தட்டிட்டீரு மேஸ்திரி. எண்ணெய்ச் சட்டிக்குள்ள விழுந்துட்டான்" என்றான் சுடலைக்கண்ணு. வடை வெந்து முடிகிறவரை மூவரும் துக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மாடன் உயிரோடு வந்தான். ஆனால் தாவவில்லை. உட்கார்ந்து அம்மாவோடு பேசினான். அம்மா அழுதாள். அதற்கடுத்த நாளும் அவன் உட்கார்ந்தே இருந்தான், அவள் அழுதுகொண்டே இருந்தாள். ஹாலில் பஞ்சாயத்து கூடியது.

"கேம்ல இவனுக்கு அம்மாவே கிடையாது. இந்தப் பொம்பளை எங்கேருந்து வந்தா?" என்றான் சுடலைக்கண்ணு.

"அம்மா இல்லாம எப்படில பொறப்பான்?" என்றான் பூவலிங்கம்.

"சார்ஜ் போட்டாப் பொறப்பான்."

பூவலிங்கம் இதைக் கொஞ்ச நேரம் யோசித்து ஒத்துக்கொண்டான். "ஆனா எனக்குப் பிடிச்சிருக்கு. நான் ஆடினா மாடன் ஒரு நிமிஷம் தாங்க மாட்டான். இதுல இத்தனை நாளாச் சாகாம இருக்கான். உக்காந்தே இருந்தா உசுருக்குச் சேதமில்லைன்னு கண்டுபிடிச்சுட்டான்."

மேஸ்திரிக்கு வேறு ஆத்திரம். "கோட்டைச் சுவர்ங்கான். அந்தப் பொம்பளை மூக்குச் சிந்தினா ஆடுது. அட்டையைக் கட்டிப் பெயிண்ட் அடிச்சிருக்கான் களவாணிப்பய."

அன்று வடை மடித்து வந்த பேப்பரைப் பூவலிங்கம் எழுத்துக் கூட்டி வாசித்தான். "மின்னல் மாடன் தொடருக்கு நேயர்களிடம் கலவையான வரவேற்பு."

மேஸ்திரி வடையைக் கீழே வைத்தார். "என்ன கலவை? ஒண்ணுக்கு நாலா, ஒண்ணுக்கு ஆறா?"

"அதைப் போடலையே."

"தொழில் தெரியாதவன் எழுதுனது. கலவைன்னு சொன்னா அளவு சொல்லண்டாமா?"

அளவை இவர்களே முடிவு செய்தார்கள். சிமெண்டு பாராட்டு, மணல் ஏச்சு. சரிபாதி பாராட்டினால் என்ன என்று பூவலிங்கம் கேட்டான். உள்பூச்சுக்கு அவ்வளவு சிமெண்டு போட்டால் வெடிப்பு விழும் என்று மேஸ்திரி அடக்கினார். ஒரு பாராட்டுக்கு ஆறு ஏச்சு என்று தீர்ந்தது.

அந்த நேரம் பார்த்து டிவியில் ஒரு பெண் சிரித்தபடி சொன்னாள்: "நேயர்களே, உங்கள் கருத்துகளை மறக்காமல் எங்கள் பக்கத்தில் பதியுங்கள்."

"எந்தப் பக்கத்துல?" என்றான் சுடலைக்கண்ணு.

மூவரும் டிவியின் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். இடப்பக்கம் ஜன்னல், அதில் எதையும் பதிய முடியாது. வலப்பக்கம் பூசாத சுவர். அந்தப் பெண்ணுக்கு வீட்டு வேலை எந்த மட்டில் நிற்கிறது என்பதுவரை தெரிந்திருக்கிறதே என்று மேஸ்திரி அசந்துபோனார்.

சனிக்கிழமை சுவரைப் பூசினார்கள். சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடி மாதிரி பூசினார்கள். ஈரம் காயுமுன் பூவலிங்கம் ஆணியால் சாண் உயர எழுத்தில் பதிந்தான். அண்ணாச்சி அன்று ஊரில் இல்லை. ஞாயிறு காலை அவர் வந்து இறங்கவும் மாப்பிள்ளை வீட்டார் கார் வரவும் சரியாக இருந்தது.

மாப்பிள்ளையும் அவன் அம்மா சங்கரவடிவும் சோபாவில் உட்கார்ந்தார்கள். செண்பகம் காபி கொண்டுவந்தாள். பையன் அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள், இரண்டு பேருக்கும் பிடித்துத்தான் இருந்தது. சங்கரவடிவு மட்டும் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். வாய்விட்டே வாசித்தாள்.

"பையன் ஆள் லட்சணம். ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கத் துப்பில்லை. அம்மாக்காரி மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை. இவளை யார் கூப்பிட்டது? வந்ததிலிருந்து ஒரே வளவளப்பு. பார்ப்பதற்குள் தலைவலி வந்துவிட்டது. சீக்கிரம் முடித்துவிட்டு இடத்தைக் காலி செய்யவும்."

காபியை யாரும் குடிக்கவில்லை. "ஐயோ, இது உங்களை இல்ல" என்று ஆவுடையப்பன் ஓடிப்போய்ச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றார்.

வாசலில் நின்ற மேஸ்திரி உதவிக்கு வந்தார். "சத்தியமா உங்களை இல்ல தாயி. இது டிவிக்காரங்களுக்கு. உங்களுக்கு எழுத இன்னும் சாந்தே குழைக்கல."

சங்கரவடிவு எழுந்தாள். கைகூப்பினாள். "வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்" என்றாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும். ஆவுடையப்பன் சோபாவில் சரிந்தார். செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளர்களை உள்ளே எடுத்துப் போனாள். அவளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மேஸ்திரிக்கும் பாவமாகத்தான் இருந்தது. "அழாத தாயி. பாவம், அந்த அம்மா வீட்டுல ஆள் பத்தாம நிக்காவ. அந்த வேலையை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

மறுநாள் விடியலில் சங்கரவடிவு வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தாள். கால் வைக்க இடமில்லை. நடைக்கு முன்னால் சாந்து மலையாகக் குவிந்திருந்தது. சுடலைக்கண்ணு மம்பட்டியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினான்.

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "கலந்தாச்சு தாயி. இனிமே நீங்க பேசுனாப் போதும்."