குறை சொல்ல முடியாத பாவை

முதலில் வம்புக்கு வந்தவர் வேதாசலம்தான். இதை இருளப்பன் யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வார்.

நெல்மேனி அரண்மனையின் எந்திரசாலைக்குத் தலைவர் அந்த வேதாசலம். இருளப்பன் அரசவையின் விகடர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், சபையில் ஏதோ சொல்ல இருளப்பன் வாயைத் திறந்தார். "எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கு எந்திரத்தைப் பற்றி என்ன பேச்சு?" என்றார் வேதாசலம். சபையே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று இருளப்பன் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார். அதில் இரண்டு பேர் செத்துப்போய்விட்டார்கள். அவர்களையும் விடமாட்டார்.

வேதாசலம் கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. அவர் ஒரு மரப்பாவை செய்திருந்தார். கயிற்றில் முடிச்சுப் போட்டு அதன் முதுகில் விட்டால் போதும். ஒரு முடிச்சுக்கு நிற்கும், இரண்டுக்கு நடக்கும், மூன்றுக்குக் கும்பிடும். மன்னர் இளஞ்சிங்கர் இதற்கு முடிச்சுமொழி என்றே பெயர் வைத்துவிட்டார். வெளியூர்க் கைவினைக்காரர்கள் பாவைக்குப் புதுப்புதுக் கைகள் செய்து, அவற்றுக்குப் புது முடிச்சும் சேர்க்கலாம். விசிறும் கை, பூத்தூவும் கை என்று வந்துகொண்டே இருந்தன. மாட்டிப் பார்ப்பதற்காக ஆளுக்கொரு பாவையை அரண்மனையே அனுப்பியது. வழவழவென்று மெருகேற்றிய பாவை. உள்ளே என்ன நடக்கிறது என்று எறும்புகூட எட்டிப்பார்க்க முடியாது.

மன்னரின் பிறந்தநாளுக்குச் செங்காட்டிலிருந்து மாதேவி என்ற மரச்சிற்பி சந்தனம் பூசும் கை ஒன்று செய்து கொண்டுவந்தாள். அரண்மனைப் பாவையின் தோளில் மாட்டினார்கள். கயிற்றை விட்டார்கள். பாவை நேராக மன்னரின் மாமனார் முன்னால் போய் நின்றது. கையைத் தூக்கியது.

பளார்!

மாமனாரின் தலைப்பாகை உருண்டு வாசல்வரை போயிற்று. மன்னர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கோபத்தினால் என்றுதான் ராணி நினைத்தாள்.

வேதாசலம் துள்ளி எழுந்தார். "பாவையில் தப்பே கிடையாது மகாராஜா! எல்லாம் இவள் செய்த கையின் கோளாறு. உளியைப் பிடுங்கிக்கொண்டு ஊரைவிட்டே துரத்துங்கள்!"

மாதேவி உளிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இதுதான் சாமி எனக்குச் சோறு போடுது. எங்க வீட்டுப் பாவையில இருநூறு தடவ மாட்டிப் பாத்தேன். ஒரு தடவகூட அது ஒண்ணுமே சொல்லலையே!"

மாமனார் கன்னத்தைத் தடவியபடி மன்னரையே பார்த்தார். மன்னருக்கு வேறு வழியில்லை. "உளியை..." என்று ஆரம்பித்தார்.

"மகாராஜா!" இருளப்பன் எழுந்தார். "சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பா?"

"எந்தச் சாட்சி?"

இருளப்பன் பாவையிடம் போனார். "ஏம்மா, இந்தக் கை உன் தோளில் எங்கேயாவது உறுத்தியதா? வெட்கப்படாமல் சொல்லு."

சபை கொல்லென்று சிரித்தது. "மரம் பேசுமா ஓய்?" என்றார் வேதாசலம்.

"பேசாதா? சரி, பாவையோடு ஒவ்வொருவருக்கும் ஓலை ஒன்று அனுப்பினீரே, அதையாவது படியும். எனக்குத்தான் எழுத்துக் கூட்டத் தெரியாதே."

மாதேவி தன்னிடமிருந்த ஓலையை நீட்டினாள். வேதாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு கம்பீரமாகப் படித்தார். "இத்துடன் அனுப்பியிருப்பது, குறை சொல்ல முடியாத பாவை."

"இன்னொரு தடவை?"

"குறை சொல்ல முடியாத பாவை!"

"கேட்டீர்களா மகாராஜா! அவரே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். தோள் நெரிந்தாலும் முடிச்சு சறுக்கினாலும் இந்தப் பாவையால் குறை சொல்ல முடியாது! ஊமையிடம் இருநூறு தடவை கேட்டிருக்கிறாள் இந்தப் பெண். அவளுக்கு எப்படித் தப்பு தெரியும்?"

மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதற்கு என்ன செய்ய முடியும்?"

"எந்திரசாலையில், எங்கே நெரிந்தாலும் அடிக்கும்படி மூட்டுக்கு மூட்டு மணி கட்டிய பாவை ஒன்று இருக்கிறது. என் வீடு அந்தச் சுவருக்குப் பின்னால்தான். ஆறு வருஷமாக அங்கிருந்து வரும் சத்தம் ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை."

வேதாசலம் அவசரமாகக் குறுக்கிட்டார். "அது என் சொந்த வேலைக்கு. நெஞ்சுப்பலகை இருக்காது, அசிங்கமாக இருக்கும். ஆமை மாதிரி நடக்கும். தொட்டதற்கெல்லாம் கத்தும். அதை வெளியூருக்கு அனுப்பினால் என் மானம் என்னாவது?"

"கொண்டுவாருங்கள்" என்றார் மன்னர்.

கொண்டுவந்தார்கள். மாதேவி கையை மாட்டியதுதான் தாமதம், தோள்மணி கணகணவென்று அடித்தது. அவள் எட்டிப் பார்த்தாள். "அட! தோளுக்குள்ள சொருகுற முளை ஒரு அரிசி நீளம் கூடிப்போச்சு!" உளியை எடுத்தாள். ஒரே சீவல். மணி அடங்கியது.

இனி யார்மேல் பூசிப் பார்ப்பது? மாமனார் ராணியின் பின்னால் போய் நின்றுகொண்டார். மன்னரே மார்பைக் காட்டினார். பாவை ஆடி அசைந்து வந்து, பூப்போலச் சந்தனம் பூசியது.

"உளி உன்னிடமே இருக்கட்டும் அம்மா" என்றார் மன்னர். "வேதாசலம், இனி கை செய்கிற எல்லோருக்கும் மணிப்பாவை ஒன்று போகட்டும். மெருகுப்பாவை சபைக்கு மட்டும்." பிறகு தம் பட்டுச் சால்வையை இருளப்பனுக்குப் போர்த்திவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். "மெதுவாக நடக்கிறது, அழகு இல்லை, தொட்டதற்கெல்லாம் குறை சொல்கிறது. மணிப்பாவை எதற்கு? உம்மையே ஊர் ஊராக அனுப்பிவிடலாமே!"

"அனுப்பலாம் மகாராஜா. ஆனால் எனக்குள் ஒரு மணி ஆறு வருஷமாக அடித்துக்கொண்டே இருக்கிறது. சீவ வேண்டிய மனுஷர் அதோ, உத்தரத்தை எண்ணிக்கொண்டு நிற்கிறார்!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேதாசலம் உத்தரத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.