லத்தியில்லாத லாயம்

கருங்குன்றத்துப் பாளையக்காரர் பதினெட்டு வருஷம் சவாரி செய்த பவளம் என்ற குதிரைக்கு ஓய்வு கொடுத்தார். கடைசிக் காலத்தை அது எங்கே கழிப்பது?

“என் லாயத்தில்தான்” என்றார் மைத்துனர் தாண்டவராயர். லாய அதிகாரியாவதற்கு முன்பு அவர் குதிரையைத் தொட்டதெல்லாம் சதுரங்கப் பலகையில்தான்.

பவளத்தைத் தனிக் கொட்டிலில் வைத்துப் பராமரித்த குதிரைக்காரன் வீரணன் தயங்கினான்.

“அங்கே ஒரு குறை காட்டடா பார்ப்போம்! காட்டாவிட்டால் இனி சேணம் உன் முதுகில்தான்” என்றார் தாண்டவராயர்.

பவளத்தையும் நடத்திக்கொண்டு மூவரும் போனார்கள். லாயத்தில் பளிங்குத் தரை, சந்தனத் தூபம், குதிரைக்கொரு நிலைக்கண்ணாடி. பன்னிரண்டு குதிரைகளும் பட்டுப் போர்வைக்குள் நின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்த பாளையக்காரர் கையை எடுத்துவிட்டார்.

“லத்தியை எங்கே கொட்டுகிறீர்கள், ஐயா?” என்று கேட்டான் வீரணன்.

“லத்தியா? ஒரு வாரமாக இங்கே ஓர் உருண்டைகூட விழவில்லை!”

“குதிரைகளுக்கு அவ்வளவு நாகரிகமா?”

“நான் பழக்கியவை ஆயிற்றே!”

வீரணன் பாளையக்காரரிடம் திரும்பினான். “மகாராஜா, உள்ளே போனால்தானே வெளியே வரும்? அரண்மனை அனுப்பும் கொள்ளு வேறு எங்கேயோ போகிறது.”

பாளையக்காரர் ஒரு போர்வையைத் தூக்கிப் பார்த்தார். விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

“மைத்துனரே, இனி லாயம் வீரணன் பொறுப்பு. நீர் கொள்ளு அவித்துப் போடும். உம் முழங்கால் உயரத்துக்கு லத்தி குவிந்த பிறகு வீட்டுக்குப் போகலாம்.”

காலையில் வயிறாரத் தின்றிருந்த பவளம் பளிங்குத் தரையின் நடுவில் வாலைத் தூக்கி, அந்தத் திருப்பணியைத் தொடங்கி வைத்தது.