யானையின் ஒரு வாய்

கிட்ட வந்து உட்காருங்கள் பிள்ளைகளா, இன்னும் கிட்ட. இது தண்ணீர்க் கதை. ஒரு சொல்கூடக் கீழே சிந்தக் கூடாது.

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. அதன் மேல்கரையில் யானை, கரடி, பன்றி, தினைக்குருவிகள் எல்லாம் குடியிருந்தன. தண்ணீர் இறங்கிப் போகும் கீழ்க்கரை முழுக்க மான்கள். அந்தக் கோடையில் கீழ்க்கரைப் பக்கம் ஆறு வெறும் மணலாகிவிட்டது. மான்கள் நாக்கு வறண்டு மேலே வந்து நின்றன.

காட்டுக்குத் தலைவர் கரடியார். "யாரோ அளவு மீறிக் குடிக்கிறார்கள்" என்றார். "இன்று முழுக்க, ஒரு வாய் குடித்தால் ஒரு கல் போட வேண்டும். அவரவருக்குத் தனிக் குவியல். ஏமாற்றக் கூடாது."

யாரும் ஏமாற்றவில்லை. அதுதான் வேடிக்கை! யானையார் துதிக்கை நிறைய உறிஞ்சிக் குடித்து ஒரு கல் போட்டார். தினைக்குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து, ஒரு சொட்டுக் குடித்து ஒரு கல் போட்டன.

பொழுது சாய்வதற்குள் குருவிகளின் குவியல் கறையான் புற்றுபோல எழுந்து நின்றது. யானையாரின் குவியல் ஒரு கைப்பிடிதான்.

"அடேயப்பா!" என்றது பன்றி. "இந்தப் பொடிசுகளா ஆற்றைக் குடித்தன? இத்தனூண்டு வயிற்றில் எங்கே ஒளித்து வைத்தீர்கள்?"

கரடியார் கற்களைப் பார்த்தார். "கல் பொய் சொல்லாது. நாளைக் காலையில் குருவிகள் காட்டை விட்டுப் போய்விட வேண்டும்."

பொட்டுச்சி என்ற தினைக்குருவி தன் கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டிலே அவள் குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. பறக்கத் தெரியாததுகளை எதில் சுமந்து போவாள்? அழுதால் பன்றி இன்னும் சிரிக்கும். யானையாரைத் திருடன் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அவர் ஒழுங்காகத்தானே கல் போட்டார்!

அவள் பாறைமேல் போய் உட்கார்ந்தாள். அங்கே ஒரு சின்னக் குழி இருந்தது.

"போகிறோம் கரடியாரே. போகும்போது மான்களுக்காக ஆளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் இந்தக் குழியில் விட்டுவிட்டுப் போகிறோம். யானை மாமா, நீங்களும் எங்களுக்காக ஒரு வாய் விடுவீர்களா?"

"அதற்கென்னம்மா, விட்டால் போயிற்று" என்றார் யானையார்.

குருவிகள் வந்தன, விட்டன, வந்தன, விட்டன. கூட்டம் முழுக்க விட்டு முடித்தபோது குழியின் அடி நனைந்திருந்தது. ஓர் எறும்பு ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனது.

யானையார் ஆற்றில் துதிக்கையை விட்டார். உறிஞ்சினார். குழியில் ஊதினார்.

குழி பொங்கி வழிந்தது! பன்றியின் காலெல்லாம் தண்ணீர்.

"இது ஒரு கல்லுக்கு, மாமா" என்றாள் பொட்டுச்சி மெதுவாக. "மற்ற கற்களுக்கு?"

யானையார் திரும்பவும் ஊதினார். திரும்பவும், திரும்பவும். தண்ணீர் பாறையை விட்டு இறங்கியது, மணலில் நெளிந்தது, ஓடையாகிக் கீழ்க்கரையை நோக்கி ஓடியது. மான்குட்டிகள் அதில் வாய் வைத்தன. காடே வாய் பிளந்து நின்றது.

யானையார் தம் துதிக்கையைத் தாமே உற்றுப் பார்த்தார், யாருடையதோ என்பதுபோல.

"இத்தனையுமா எனக்குள்ளே போகிறது? உள்ளே போனதை நான் எங்கே கண்டேன்!"

கரடியார் கற்குவியல்களைக் காலால் கலைத்துவிட்டார். "குருவிகள் எங்கேயும் போக வேண்டாம். இனிமேல் கல் வேண்டாம், இந்தக் குழிதான் அளவு. பெரிய வாய்க்காரர்கள் குழியால் அளந்து, எத்தனை குழி என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும்."

"நான் பிளிறியே சொல்கிறேன்" என்றார் யானையார். "கீழ்க்கரைக்கும் கேட்கட்டும். அவர்களுக்கு மிச்சம் வைத்துத்தான் குடிப்பேன்."

பொட்டுச்சி குழியின் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். அலகை நனைத்துக் குடித்தாள். பிறகு கழுத்தை நீட்டி, காடு முழுக்கக் கேட்கும்படி கூவினாள்:

"தினைக்குருவி, ஒரு சொட்டு!"

நீதி: பொதுத் தண்ணீரில் எத்தனை தடவை எடுத்தோம் என்பதல்ல, எவ்வளவு எடுத்தோம் என்பதே கணக்கு; நிறைய எடுப்பவர் அளந்து, எல்லாரும் அறியச் சொல்ல வேண்டும்.