பொய் வீட்டில் பூங்காவனம்

'பொய் வீடு' என்று ஒரு டிவி போட்டி. உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஏமாற்ற வேண்டும், பிடிபட்டால் வெளியே. 'நானா இருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பேன்' என்று ஊரே சோபாவில் உட்கார்ந்து மீசையை முறுக்கும்.

அதில் போய் மாட்டிக்கொண்டாள் அரக்கோணத்து இட்லிக்கடை பூங்காவனம். பொய் சொல்ல வாயெடுத்தாலே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

தொகுப்பாளர் ரஞ்சித்குமார் கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, உனக்கெல்லாம் எதுக்கு இந்த விளையாட்டு? என்னையும் சேர்த்து இங்க இருக்கிற எல்லாரும் நம்புற மாதிரி ஒரு பொய் சொல்லு. இல்லைன்னா கிளம்பு. வெளியே போனவங்க திரும்பி வர முடியாது, அது இந்த வீட்டுச் சட்டம்."

பூங்காவனம் பெட்டியைத் தூக்கினாள். எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

"போயிட்டு வரேன்" என்றாள். சிரிப்பு வரவில்லை.

"போயிட்டு வாங்கக்கா" என்று தேம்பினாள் பக்கத்துக் கட்டில் நிலோஃபர். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

"நல்லபடியா போயிட்டு வாம்மா" என்றார் ரஞ்சித்குமார்.

அவள் வாசலில் நின்று திரும்பினாள். "எப்படி சார் வருவேன்? வர முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ரஞ்சித்குமார் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவரே வந்து பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

நிலோஃபர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ எங்களை ஏமாத்திட்டீங்களாக்கா?"

"நான் வரேன்னது பொய்தான்டி. நீ வாங்கன்னியே, அது பொய்யில்லை."